பாக்கலாம் என்று சொன்ன வாய்

பர்சனல் டிபார்ட்மென்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்லதாகச் சொல்ல என்னிடம் ஜாஸ்தி இல்லை. கடலூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் ஆள் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இப்போது அதை எச்.ஆர். என்கிறீர்கள். பேர்தான் மாறியிருக்கிறது, நாற்காலி அதேதான். நான் யார் யாரை எடுத்தேன் என்கிற கதையை ரிட்டயர்மென்ட் விழாவில் மற்றவர்கள் சொல்லி மாலை போட்டுவிட்டார்கள். எடுக்காமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. அதை விழாவில் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

நான் சேர்ந்த முதல் மாதம், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேனேஜர் ஒரு பாடம் சொன்னார். "இல்லைங்கற வார்த்த நம்ம ஆபீஸ்ல கெடையாதுய்யா. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் இந்தத் தொழிற்பேட்டைக்கு நெலம் குடுத்தவங்க. இல்லைன்னு சொன்னீன்னா சாயங்காலம் பத்து பேரோட கேட்ல வந்து நிப்பாங்க. பாக்கலாம்னு சொல்லு, கும்பிட்டுட்டு போயிடுவாங்க." அவர் கெட்டவர் இல்லை. யார் மனசும் நோகக் கூடாது என்று நினைத்த மனிதர். அந்தப் பாடத்தை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். வேலை கிடைத்தவனுக்குப் போன் போகும். கிடைக்காதவனுக்கு ஒன்றும் போகாது. அவனாகக் கேட்டால் "பாக்கலாம்". வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அதுதான் எங்கள் டிபார்ட்மென்ட்.

விண்ணப்பம் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் முடியும். ஒன்பது ஐந்துக்கு எங்கள் போன் அடிக்க ஆரம்பிக்கும். "சார், என்னோட அப்ளிகேஷன் என்ன ஆச்சு சார்?" நாள் முழுக்க இதே பாட்டு. காடாம்புலியூரில் இருந்து ஒரு அப்பா, மகனுக்காக நாலு வருடம் சீசன் தவறாமல் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கேட்டிலேயே திருப்பி அனுப்பச் சொல்வேன். ஒரு வருடம் செக்யூரிட்டி பாவப்பட்டு வாங்கி வைத்துவிட, ஆபீஸ் முழுக்கப் பலாப்பழ வாசனை. ஆடிட்டர் வந்து, "என்ன சார், இங்க யாருக்கு சிபாரிசு?" என்று கேட்டுச் சிரித்தார். வேலை நெருக்கும் நாட்களில் நான் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவேன். கூப்பிடுகிறவர்களுக்கு எந்நேரமும் 'என்கேஜ்டு' கேட்கும். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரிசீவரைக் கீழே வைத்த விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருவேன்.

நான் ரிட்டயர் ஆவதற்கு மூன்று வருடம் இருந்தது. லேபுக்கு ஒரு கெமிஸ்ட் தேவைப்பட்டது. பவித்ரா என்று ஒரு பெண் வந்தாள். சிதம்பரத்தில் எம்.எஸ்சி. முடித்தவள், சொந்த ஊர் கீரப்பாளையம். இன்டர்வியூவில் எங்கள் லேப் இன்சார்ஜ் ஒரு கேள்வி கேட்டார். "ஒரே சாம்பிள ரெண்டு தடவை டெஸ்ட் பண்றீங்க, ரெண்டு ரிசல்ட் வருது. எதை எழுதுவீங்க?"

"ரெண்டையும் எழுத மாட்டேன் சார். மூணாவது தடவை பண்ணுவேன். எது சரின்னு தெரியாம எழுதுனா, அத நம்பி வேற யாராவது ஏமாந்துடுவாங்க."

அவள் வெளியே போனதும் இன்சார்ஜ் என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுதான் சார்" என்றார். ஆனால் ஆர்டர் மேலிடத்தில் இருந்து வர வேண்டும். அதற்குக் கெடு எதுவும் கிடையாது. எனவே அவளிடமும், "பாக்கலாம்மா, போன் பண்ணி சொல்றோம்" என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

அவள் போனுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை கேட்டில் வந்து நின்றாள். அதற்கடுத்த வியாழனும் நின்றாள். கீரப்பாளையத்தில் இருந்து சிதம்பரம், சிதம்பரத்தில் இருந்து கடலூர் பஸ், கம்பெனி ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நடை. இதெல்லாம் "முடிவு ஆயிடுச்சாம்மா?" என்று கேட் செக்யூரிட்டி மேரியிடம் ஒரு வரி கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதற்காக. உள்ளே வர வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மேரி இன்டர்காமில் என்னைக் கேட்பாள், "இன்னும் இல்ல" என்பேன், மேரி அவளிடம் சொல்வாள், அவள் போய்விடுவாள்.

ஐந்தாவது வியாழன், மேலிடத்துப் பெரியவர் ஒருவரின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. அவர் என் அறைக்கு வந்ததும், "வெளிய யாரோ ஒரு பொண்ணு நிக்குதே, என்ன பிரச்சன?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது. அவர் போனதும் கேட்டுக்கு நடந்தேன்.

"ஏம்மா, இது என்ன ரேஷன் கடையா, வாராவாரம் வந்து நிக்கறதுக்கு? அதான் போன் பண்றோம்னு சொன்னோம்ல?"

"சார், போன் வேணாம் சார். நானே வந்து கேட்டுக்கறேன். உள்ளகூட வரல. கேட்லயே கேட்டுட்டு போயிடறேன்."

"எல்லாருக்கும் போன்ல சொல்லுவோம், உனக்கு மட்டும் தனிச் சட்டமா? இனிமே இங்க வரக் கூடாது. வந்தா அப்ளிகேஷன கிழிச்சுப் போட்டுடுவேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் மேரி நிற்பதைப் பார்த்தாள், லாரி டிரைவர் ஒருவன் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்தாள். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் போன் வேண்டாம் என்கிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி, அரை நிமிஷம் ஆகியிருக்கும். கேட்கவில்லை. இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒருவர் வழக்கத்துக்கு மாறாக ஒன்றைக் கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டை நீங்கள் பார்த்ததில்லை.

அவளைத் துரத்திய எட்டாவது நாள் ஆர்டர் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் லேபைச் சோதிக்க வருகிறார்கள், அதற்குள் கெமிஸ்ட் சீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கினார்கள். பவித்ராவின் விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். ஆண் குரல்.

"சார்! சொல்லுங்க சார்!"

"பவித்ரா இருக்காங்களா? வேல விஷயமா கடலூர் கம்பெனிலேர்ந்து பேசறேன். அவுங்களுக்கு ஆர்டர் வந்திருக்கு."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம். பிறகு, "அது வேலைக்கு வராது சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

திரும்ப ஒரு முறை போட்டிருக்கலாம். ரெண்டு ரிசல்ட் வந்தால் மூணாவது தடவை செய்வேன் என்று சொன்ன பெண்ணுக்கு, நான் ஒரே ஒரு தடவைதான் போன் செய்தேன். அவள் விண்ணப்பத்தின் மேல் சிவப்பு மையில் 'விருப்பமில்லை' என்று எழுதினேன். பட்டியலில் அடுத்து இருந்த பையனைக் கூப்பிட்டேன், சனிக்கிழமையே வந்து சேர்ந்தான். போன் போட்ட அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே, சோதனைக்கான பேப்பர்களைத் தயார் செய்ய வேண்டும் என்று ரிசீவரைக் கீழே எடுத்து வைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். வியாழக்கிழமை. மேரி இன்டர்காமில், "சார், அந்தக் கீரப்பாளையத்துப் பொண்ணு வந்திருக்கு. திட்டாதீங்க சார், ஒரே ஒரு தடவ கேட்டுட்டு போயிடுதாம்" என்றாள். நான் கேட்டுக்குப் போனேன். எனக்குக் கோபம்தான். வேலை கொடுத்தால் வேண்டாம் என்கிறார்கள், பிறகு வந்து நிற்கிறார்கள்!

"போன் பண்ணோமேம்மா. வராதுன்னு சொல்லிட்டாங்களே. வேற ஆள் போட்டாச்சு."

அவள் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அழவில்லை. மேரியின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கா சார் வந்துச்சு?"

"உனக்குத்தாம்மா. நீதான் ஃபர்ஸ்ட்."

"யாரு சார் எடுத்தாங்க?"

"ஆம்பள குரல்."

தலையை ஆட்டினாள். மேரி நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டாள். "சார், அந்த நம்பருக்கு இனிமே போன் பண்ணாதீங்க சார். இதப்பத்தி அங்க எதுவும் கேக்காதீங்க" என்றாள். பாட்டிலை மேரியிடம் கொடுத்துவிட்டு ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

அவள் போன பிறகு மேரி சொன்னாள். "அந்தப் பொண்ணுகிட்ட போன் கெடையாது சார். படிப்பு முடிஞ்சதும் அதோட போன வித்துட்டாங்களாம். ஃபார்ம்ல எழுதியிருக்கறது அவுங்க அண்ணன் நம்பரு. அதான் நேர்ல வந்துச்சு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார்."

அன்றைக்கே எனக்குள் ஒரு அண்ணன் உருவாகிவிட்டான். மீசை முறுக்கிக்கொண்டு, தங்கை வேலைக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று போனைப் பிடுங்கி வைத்திருக்கிற ஒருவன். நான் அவளைக் கேட்டில் வைத்துத் துரத்தியதை மறந்துவிட்டேன். பழி போட ஒரு ஆள் கிடைத்தால் மனசு எவ்வளவு லேசாகிவிடுகிறது பாருங்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக அவனைத் திட்டிக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பிறகு லேபில் இன்னொரு இடம் காலியானது. இன்சார்ஜ், "அந்த மூணாவது தடவ பொண்ணு கெடைக்குமா சார்?" என்று அவராகவே கேட்டார். இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. மேலிடத்தில் போய் உட்கார்ந்து ஆர்டரை வாங்கினேன். போன் செய்யக் கூடாது. தபாலில் அனுப்பினால் அதே அண்ணன் வாங்கிக் கிழித்துப் போடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. சாப்பிட்டுக் கைகழுவின கையோடு, ஆர்டரைப் பையில் வைத்துக்கொண்டு கீரப்பாளையம் பஸ் ஏறினேன். அவனிடம் என்ன பேச வேண்டும் என்று வழி முழுக்க மனசுக்குள் ஒத்திகை. "ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடா" என்பதுதான் முதல் வரி.

அட்ரஸைக் கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஒருவன் யாருடைய தண்ணி மோட்டாரையோ பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி, கையெல்லாம் கிரீஸ். மீசைகூடச் சரியாக இல்லை.

"பவித்ரா வீடா?"

"ஆமாங்க. அது இங்க இல்ல, கல்யாணமாயி கோயம்புத்தூர் போயிடுச்சு. நான் அண்ணன், சதீஷ். நீங்க?"

கம்பெனி பெயரைச் சொன்னேன். ஸ்பானர் அவன் கையில் இருந்து கீழே விழுந்தது.

"போன எடுத்தது நீங்கதானா?" என்று கேட்டேன். 'டா' வரவில்லை.

"நான்தான் சார்."

உள்ளே போனான். ஓடி ஒளிகிறவன் மாதிரி தெரியவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் ஜெராக்ஸ் காப்பிகள். எங்கள் கம்பெனிக்கு அவன் போட்ட விண்ணப்பங்கள், ஐந்து. ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர்.

"மூணு வருஷமா போடறேன் சார். எப்ப கேட்டாலும் பாக்கலாம்னு சொன்னாங்க. உங்க ஆபீஸ் நம்பர 'வேல'ன்னு சேவ் பண்ணி வச்சிருந்தேன். ஒரு தடவகூட அங்கேர்ந்து வந்ததில்ல. அன்னைக்கு வந்துச்சு. ஸ்க்ரீன்ல 'வேல'ன்னு காட்டுச்சு சார். எனக்குன்னு நெனச்சுத்தான் எடுத்தேன்."

அந்த ஐந்து காப்பிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"நீங்க பவித்ரா இருக்காங்களான்னு கேட்டீங்க. என்னமோ ஆயிடுச்சு சார். வாயில வந்துடுச்சு, அது வராதுன்னு. வச்சதும் என்ன காரியம் பண்ணிட்டோம்னு தெரிஞ்சுடுச்சு. சாயங்காலம் திரும்பப் போட்டேன். விடாம போட்டேன் சார். என்கேஜ்டுன்னே வந்துச்சு. அப்புறம் தைரியம் போயிடுச்சு."

அந்த ரிசீவரைக் கீழே எடுத்து வைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

"பவித்ராவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. ஆனா ஒரு நாளு கடலூர் போயிட்டு வந்துச்சு. மூஞ்சியப் பாத்ததும் புரிஞ்சுக்கிட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல சார். காப்பி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் குடுத்துச்சு. அடுத்த வாரம் வந்த மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிடுச்சு."

அவனே அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் கொடுத்தான். ஆர்டர் கொண்டுவந்திருப்பதைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை சிணுங்கும் சத்தம்.

"நேர்லயே வந்தீங்களா சார்?" என்றாள். "இனிமே எப்படி சார் வர்றது? கொழந்தைக்கு ரெண்டு மாசம்தான் ஆவுது." பிறகு, அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரியாமல், குரலைத் தணித்துச் சொன்னாள். "சார், அண்ணன ஒண்ணும் சொல்லிடாதீங்க. அது பாவம். அது காதுல விழக் கூடாதுன்னுதான் நான் நேர்ல வந்து வந்து கேட்டது. எனக்குக் கெடைச்சா நானே பக்குவமா எடுத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

சதீஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வந்த நான், ஆர்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தான். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. என்னோட அந்த அஞ்சு அப்ளிகேஷன் என்ன சார் ஆச்சு? அதுல இன்னும் ஏதாவது…"

அப்போது என் வாய் என்ன சொன்னது தெரியுமா? இவ்வளவும் கேட்ட பிறகு, இவ்வளவும் பார்த்த பிறகு, அந்தப் பாழும் வாய், "பாக்கலாம் தம்பி" என்றது. அவன் கும்பிட்டான். பஸ் கிளம்பிய பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. கடலூர் வந்து சேரும் வரை தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை காலை கீழே ஸ்டோர் ரூமுக்குப் போனேன். எடுக்காதவர்களின் விண்ணப்பங்களைக் கட்டுக் கட்டாக அங்கேதான் போட்டு வைப்போம். தூசியில் தேடி அவனுடைய ஐந்தையும் எடுத்தேன். கட்டுப் பிரிக்கவே இல்லை. பிரித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஃபிட்டர் வேலைக்கு நேரடியாக ஆள் எடுப்பதையே நிறுத்தி நாலு வருடம் ஆகியிருந்தது, எல்லாம் கான்ட்ராக்ட்தான். எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் அது தெரியும். அவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஐந்திலும் இருந்தது அதே நம்பர், தங்கை விண்ணப்பத்தில் இருந்த நம்பர்.

ஸ்டோரில் ஒரு போன் உண்டு, அதில் பேசினாலும் வெளியே ஆபீஸ் நம்பர்தான் காட்டும். ஒன்பது மணி தாண்டியிருந்தது. போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"சார்! சொல்லுங்க சார்!"

அதே குரல், அன்று வெள்ளிக்கிழமை கேட்ட அதே ஆசை. வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"தம்பி, உங்க அஞ்சு அப்ளிகேஷனும் என் கையில இருக்கு. உங்களுக்கு இங்க வேல இல்ல. ஃபிட்டர் வேலைக்கு நாங்க ஆளே எடுக்கறதில்ல, நாலு வருஷமா. இத அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. நேத்தும் தப்பாச் சொல்லிட்டேன். எங்கள நம்பி இருக்காதீங்க, வேற எடம் பாருங்க."

அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"சரி சார்" என்றான். "இத சொல்றதுக்காகவா சார் போன் பண்ணீங்க? ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான். அதில் குத்தல் இல்லை, நிஜமாகவே சொன்னான். பிறகு கேட்டான்.

"அப்ப இந்த நம்பர அழிச்சுடட்டுமா சார்?"

"அழிச்சுடுங்க தம்பி" என்றேன்.

போனை வைத்துவிட்டு அந்தக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பெரிய ஆபீசர் நான், வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். திங்கட்கிழமை அல்லவா, மேலே ஆபீஸில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போய் எடுத்தேன்.